முதலில் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. ஏழு வருடமாக ஒரு சின்ன ஹாட்ச்பேக் ஓட்டுகிறேன், அதை விற்கப் போவதில்லை. கூடவே கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசை. புதிது வாங்க வசதியில்லை, செகண்ட் ஹேண்ட்தான். மூன்று காரைக் குறித்து வைத்திருக்கிறேன்: 2001 போர்ஷே பாக்ஸ்டர், 2000 மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., 2003 மஸ்டா எம்.எக்ஸ்-5. மனசு பாக்ஸ்டரில்தான் நிற்கிறது. ஆனால் அதை வாங்கினால் சேமிப்பு மொத்தமும் போய்விடும். மற்ற இரண்டும் அதில் மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வரும். "காசைக் கரியாக்கப் போகிறாய்" என்கிறார் அப்பா. எதை வாங்கலாம்? நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

பதில்: வணக்கம். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எஞ்சின் தெரியாதது இந்தக் காரியத்துக்கு அவ்வளவு பெரிய குறை ஒன்றும் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்களோடு போய், காரைப் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். கூரை திறக்கும் கார் என்றால் பானெட் பக்கம் நான் கடைசியாகத்தான் போவேன். முதலில் சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் கார்பெட்டில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துவேன். பிறகு குனிந்து மோந்து பார்ப்பேன். விற்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

ஒருமுறை ஒரு இளைஞருக்காக எம்.எக்ஸ்-5 ஒன்று பார்க்கப் போனேன். வெளியே முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ். உள்ளே கும்மென்று வாசனை. எண்ணிப் பார்த்தால் மூன்று ஏர் ஃப்ரெஷ்னர் வைத்திருந்தார்கள். ஒன்று இருந்தால் வாசனைக்காக என்று எடுத்துக்கொள்ளலாம், மூன்று எதற்கு? கார்பெட்டில் கையை அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. "நேற்றுதான் கழுவினோம்" என்றார் விற்பவர். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த ஒரு சாண் நீளம் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. நேற்றுக் கழுவிய காரில் இன்று பூஞ்சை எப்படி வரும்? ஆசையோடு வந்த பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த எஞ்சின் என்னவோ தங்கமாக ஓடியது.

இந்த வகைக் கார்களைப் பெரும்பாலும் சாகடிப்பது தண்ணீர்தான். எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. துணிக்கூரையில் விழும் மழை வழிந்து, சீட்டுக்குப் பின்னால் கூரை மடங்கி உட்காரும் இடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி உள்ள பகுதிக்கு வரும். அங்கே இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு துளை. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கீழே இறங்கி, எம்.எக்ஸ்-5 என்றால் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தண்ணீரைத் தரையில் விட்டுவிடும். நல்ல ஏற்பாடு, குழாய் திறந்திருக்கும் வரை. மரத்தடியில் நிறுத்திய காரில் இலைச் சருகும் தூசியும் சேர்ந்து அந்தத் துளையைச் சேறு மாதிரி அடைத்துக்கொள்ளும். வழி இல்லாத தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் போகும். அல்லது சில் என்கிறார்களே, கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகடு, அதற்குள் இறங்கித் தேங்கும்.

சாதாரண காரில் சில் துருப்பிடித்தால் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கூரை இல்லாத காரில் கதை வேறு. மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து பாடியை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைத்திருக்கும். கூரையை எடுத்துவிட்டால் அந்த வேலையில் பெரும்பங்கு சில்லின் தலையில் விழுகிறது. அதுவும் உள்ளிருந்து வெளியே அரிக்கும் துரு. பெயின்ட்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்தகடு எப்போதோ போயிருக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் சில் முடிகிற மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தகடு கல் மாதிரி இருக்க வேண்டும். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, அந்த இடம் மட்டும் புதுப் பெயின்ட்டில் மினுங்கினாலோ உஷார். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி போட்டு மறைத்த இடத்தில் அது ஒட்டாது.

இதில் என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய முதல் கன்வெர்ட்டிபிளில் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. பெரிய கெட்டிக்காரனாக நினைத்துக்கொண்டு ஒரு கெட்டிக் கம்பியை விட்டுக் குத்தினேன். அடைப்பு போனது, கூடவே உள்ளே இருந்த ரப்பர் குழாயும் கிழிந்தது. அதற்குப் பிறகு பெய்த மழையெல்லாம் நேராகத் தகட்டுக்குள். புல்வெட்டும் மிஷினில் வருமே நைலான் நரம்பு, அந்த மாதிரி வளையும் பொருளை விட்டு மெல்லத் துழாவ வேண்டும், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது கீழே சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்கப் போகும் காரிலும் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு இதையே செய்யலாம். ஊற்றின தண்ணீர் சில நொடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையை நனைத்தால் அந்த உரிமையாளர் காரைப் பார்த்துக்கொண்டவர். "தண்ணியெல்லாம் ஊற்றாதீர்கள்" என்று பதறினால் அதுவும் ஒரு பதில்தான்.

இனி உங்கள் மூன்று கார்கள்.

மனசில் நிற்கிற பாக்ஸ்டரையே முதலில் பார்ப்போம். நான் அதற்கு எதிரி இல்லை. 1996-இல் வந்த கார். எஞ்சினை சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வைத்ததால் வளைவில் அது திரும்பும் சுகத்துக்கு மற்ற இரண்டும் ஈடு கொடுக்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு டிக்கி வேறு. ஆனால் நீங்கள் குறித்திருப்பது 2001 மாடல். அந்தக் காலத்து பாக்ஸ்டர் எஞ்சினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு, அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பேரிங். 2000-ஆம் ஆண்டுவாக்கில் அதை இரட்டை வரிசை பேரிங்கிலிருந்து ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள். அது உடைந்தால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை ஓட்டுகிற செயினின் ஒழுங்கு குலைந்து எஞ்சினே போய்விடலாம். எல்லாக் காரிலும் உடையும் என்று நான் பயமுறுத்தவில்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் ஒன்றும் ஆகாத கார்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் உடைந்தால் என்ன செலவு என்பதுதான் கேள்வி. சேமிப்பு மொத்தத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு அந்த நாள் வந்தால், கார் மூடுதுணிக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் பாக்ஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது, ஆனால் அந்த வருடத்துக் காரின் விலை உங்கள் கணக்குக்குள் வராது.

ஆசை விடவில்லை என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். அந்த பேரிங் மாற்றப்பட்டிருக்கிறதா, மாற்றிய பில் கையில் இருக்கிறதா? கிளட்ச் மாற்றுவதற்கு எப்படியும் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும், விவரமான உரிமையாளர் அந்த வேலையோடு பேரிங்கையும் மாற்றியிருப்பார். அடுத்து, ஆயில் ஃபில்ட்டரைக் கழற்றி, மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்க்க ஒரு மெக்கானிக்கை அனுமதிப்பாரா? மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாக்ஸ்டரில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. முன் பம்பரின் இரண்டு மூலையிலும் உள்ள காற்று வாய்களில் டார்ச் அடியுங்கள். உள்ளே ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் இருக்கும். ரோட்டில் கிடக்கும் சருகெல்லாம் அங்கே போய் அடைந்து, மக்கி, ஈரத்தில் அவற்றை அரிக்கும். அங்கே குப்பைமேடாக இருந்தால் பளபளவென்று கழுவின மேல்பாகத்தை நம்பாதீர்கள். கதவுக் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சற்றே தானாக இறங்க வேண்டும், அதையும் கவனியுங்கள். தண்ணீர்க் கதை இதிலும் உண்டு. வாய்க்கால் அடைத்தால் தரையில் தண்ணீர் நிற்கும், சீட்டுக்கு அடியில்தான் சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் சாவியைத் திருப்பினாலும் கார் உங்களைத் தெரியாதது போல உட்கார்ந்திருக்கும்.

எஸ்.எல்.கே.யை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். 1996-இல் அது வந்தபோது 25 நொடியில் இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போவதை ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது உண்மைதான். மழைக்கும் திருட்டுக்கும் நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்த வித்தையைச் செய்வது ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர்கள், சென்சர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டம். கால் நூற்றாண்டு கழித்து அதன் சீல்களில் எண்ணெய் கசியத் தொடங்கினால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்தக் காலத்து மெர்சிடிஸ்களுக்குத் துருப் புகாரும் உண்டு. தவிர, சொகுசாகப் போக வேண்டும் என்பவருக்கான கார் அது. நீங்கள் ஸ்போர்ட்ஸ் கார் என்று எழுதியிருக்கிறீர்கள். போய்ப் பார்த்தீர்கள் என்றால் கூரையை மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு தடவை ஒழுங்காக வேலை செய்வது பெரிய விஷயமில்லை.

எம்.எக்ஸ்-5. சாதாரணமான பதிலாகத் தெரியும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். 1989-இல் தொடங்கி நான்கு தலைமுறை, 2016-இல் 10 லட்சமாவது கார் வெளியே வந்தது. இரண்டு சீட் திறந்த கார்களில் இத்தனை விற்றது வேறில்லை. இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், இதில் எது கெடும், எப்போது கெடும், எப்படிச் சரிசெய்வது என்று எல்லாமே யாரோ ஒருவர் செய்து பார்த்து எழுதி வைத்துவிட்டார். உதிரிபாகம் கிடைக்கும். எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். பாக்ஸ்டரில் எஞ்சினைக் கண்ணால் பார்ப்பதற்கே கூரையைப் பாதி தூக்கி வைத்து, மூடியைக் கழற்ற வேண்டும்.

நீங்கள் குறித்த 2003 இரண்டாம் தலைமுறை. பின்கண்ணாடி உண்மையான கண்ணாடி. 2001 பாக்ஸ்டரில் அது பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளாகும், குளிரில் மடக்கினால் விரிசல் விடும். இரண்டாம் தலைமுறை எம்.எக்ஸ்-5க்கு ஒரே ஒரு பெரிய எதிரி, முன்னால் சொன்ன துருதான். சில்லோடு சேர்த்து இன்னொரு இடமும் உண்டு. எஞ்சினின் இரண்டு பக்கமும் முன்னோக்கி ஓடும் சேஸிஸ் ரெயில். அடுக்கடுக்காகத் தகடு வைத்துச் செய்தது, நடுவில் ஈரம் புகுந்தால் காயாது. சாலையில் உப்புத் தூவும் ஊர்களிலும் கடலோரத்திலும் ஓடிய கார் என்றால் இது கட்டாயம் பார்க்க வேண்டியது. நின்ற இடத்திலிருந்து தெரியாது, லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். அதற்கு மட்டுமாவது ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுங்கள். இந்த மொத்த வியாபாரத்திலும் உங்களுக்கு அதிகம் மிச்சம் பிடித்துத் தரப்போவது அந்தச் சின்னக் கூலிதான்.

மற்றபடி எஞ்சினில் டைமிங் பெல்ட் என்கிற ரப்பர் பட்டை சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இந்த மாதிரிக் கார்கள் கொஞ்சமாகத்தான் ஓடியிருக்கும், அதனால் கிலோமீட்டர் வராவிட்டாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும். எப்போது மாற்றியது என்று பில்லில் தேதி பாருங்கள். கிளட்ச் மிதியை அழுத்தும்போது தொளதொளவென்று உள்ளே போனால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். இந்தக் காரில் அது அடிக்கடி வருவது, பெரிய செலவில்லை, ஆனால் விலை பேச உதவும்.

டயரைப் பார்க்க மறக்காதீர்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுக்கும் கார் என்பதால் டயர் பட்டன் முழுசாக இருக்கும், பார்க்கப் புதிது மாதிரி தெரியும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வயதான ரப்பர் கல்லாகிவிடும், ஈரச் சாலையில் பிடிக்காது. பின்சக்கர இழுவைக் கார் உங்களுக்குப் புதிது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இதுவரை நீங்கள் ஓட்டிய ஹாட்ச்பேக்கில் வேகமாக வளைந்து பயந்து காலை எடுத்தால் கார் பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இந்தக் கார்களில் ஈர வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். எஞ்சின் நடுவில் உள்ள பாக்ஸ்டரில் அது இன்னும் திடீரென்று நடக்கும். நான்கும் ஒரே கம்பெனி, நல்ல டயர், முதல் மாதம் மழையில் அடக்கம். இவ்வளவு போதும்.

பார்க்கப் போவதற்கு முன்னால் போனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதலில் ஸ்டார்ட் ஆகும்போதுதான் உண்மையைப் பேசும். நீலப் புகை, கடகட சத்தம் எல்லாம் அந்த முதல் அரை நிமிடத்தில் தெரியும். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அது அணையாமல் எரிவதைவிட மோசம். டெஸ்ட் டிரைவில் முதலில் கூரையை மூடியே ஓட்டுங்கள், ரேடியோ வேண்டாம். மேடுபள்ளத்தில் எது கிரீச்சிடுகிறது என்று கேட்கும். பிறகு திறந்து ஓட்டுங்கள். திறந்துவிட்டால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும், காற்று முகத்தில் அடித்தால் யாருக்கும் புத்தி கொஞ்சம் மழுங்கும், எனக்கும்தான்.

உட்கார்ந்து பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. ஆறடிக்கு மேல் என்றால் எம்.எக்ஸ்-5இல் முன்கண்ணாடியின் மேல்சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும், முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். அப்படியென்றால் நான் இதுவரை எழுதியதெல்லாம் வீண். அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

பணத்தைப் பற்றி அப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கையிலிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு எம்.எக்ஸ்-5 வந்தால், மீதி ஒரு பங்கு மிச்சமான காசு என்று நினைக்காதீர்கள். அது அந்தக் காருக்கே உரியது. வாங்கிய முதல் வருடத்தில் நான்கு டயர், எல்லா எண்ணெயும், பெல்ட், ஒருவேளை கூரைத் துணி. துணியின் விலையைவிட மாற்றுகிற வேலைக்குக் கூலி அதிகமாகலாம். இன்ஷூரன்ஸை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். டர்போ மாட்டியது, தாழ்த்தியது, சைலன்ஸர் மாற்றியது எல்லாம் முதல் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டாம். அது அடுத்தவருடைய கனவு, அதன் பழுதை மட்டும் நீங்கள் வாங்குவீர்கள்.

நேரம் இருந்தால் வெயில் காலம் முடியும் வரை காத்திருங்கள். வெயில் தொடங்கும்போது எல்லோருக்கும் திறந்த கார் ஆசை வரும், விலை ஏறும். மழையும் குளிரும் வந்ததும் விற்பவருக்கு அவசரம் வரும். மழை நாளில் போவதில் இன்னொரு வசதி, கூரை ஒழுகுகிறதா என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, காலுக்கடியில் கார்பெட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கரியாவதை உங்களைவிட அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார். எம்.எக்ஸ்-5 ஈரமாக இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த மாடல் நிறைய இருக்கிறது, அடுத்ததைத் தேடுங்கள். லிஃப்டில் ஏற்றும்போது சில்லின் பின்மூலையையும் இரண்டு ரெயிலையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.